சாதி சொல்லி இழிவுபடுத்தினா என்ன செய்யணும்: நெல்லைச் சீமைக்காரங்களுக்கு முழு வழிகாட்டி

நம்ம பக்கத்துல ஒரு வன்கொடுமை கேஸ் நிக்காமப் போச்சுன்னா, முதல் நாள் எழுதுன மனுவை எடுத்துப் படிச்சுப் பாருங்க, பாதிக் காரணம் அதுலயே கெடக்கும். "என்னைக் கேவலமாப் பேசிட்டாங்க, தக்க நடவடிக்கை எடுக்கணும்"னு நாலு வரி, அவ்வளவுதான். என்ன பேசினான், எங்க வச்சுப் பேசினான், யாரு கேட்டா, ஒண்ணும் இருக்காது. சட்டம் பலமாத்தான் இருக்கு மக்கா, அதுக்குள்ள நம்ம விஷயத்தைக் கொண்டு போயி உக்கார வைக்கிறதுலதான் வேலையே. கொக்கிரகுளத்துல ஆளுங்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறவன்ங்கிற முறையில எழுதுதேன், நீளமாத்தான் இருக்கும், சேவ் பண்ணி வச்சுக்கிடுங்க.

எந்தச் சட்டம், யாருக்கு

அரசியல் சாசனத்துல 17-வது பிரிவு தீண்டாமையை ஒழிச்சிருச்சு, 15-வது பிரிவு கடை, ஓட்டல், கிணறு, குளம், படித்துறை, ரோடு இதுலெல்லாம் சாதி மதம் பாத்து யாரையும் தடுக்கக் கூடாதுங்குது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர ரெண்டு சட்டம் இருக்கு. ஒண்ணு 1955-ல வந்த குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், இன்னொண்ணு 1989-ல வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். ஊர்ல ரெண்டையும் சேத்து 'பிசிஆர் கேஸ்'னுதான் சொல்லுவாங்க. பேச்சுக்குச் சரி, மனுவுல மட்டும் எந்த ஆண்டுச் சட்டம்னு தெளிவா எழுதிருங்க, ஏன்னா 1955 சட்டத்துல பெரும்பாலும் ஒரு மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைதான் ஜெயில், 1989 சட்டத்துல ஆறு மாசத்துல இருந்து அஞ்சு வருஷம் வரைக்கும், பெரிய குற்றமா இருந்தா ஆயுள் வரைக்கும் போவுது, முன்ஜாமீனும் கிடையாது.

1989 சட்டம் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கானது. எதிராளி அந்த ரெண்டுலயும் சேராதவனா இருக்கணும், அவன் எந்த மதமா வேணா இருக்கட்டும். 2015-ல பெரிய திருத்தம் வந்து 2016 ஜனவரி 26-ல இருந்து அமல்ல இருக்கு, அதுல சேத்த விஷயத்தைப் படிச்சா நம்ம ஊரைப் பாத்துட்டுப் போயி எழுதுன மாதிரியே இருக்கும். பொதுத் தெருவுல சைக்கிள்ல பைக்குல போகக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, புதுத்துணி உடுத்தக் கூடாது, மாப்பிள்ளை ஊர்வலத்துல குதிரையில வரக் கூடாதுன்னு தடுக்கிறது குற்றம். சுடுகாட்டுக்குப் போற பாதையை மறிக்கிறது, குளத்துல குழாயில தண்ணி எடுக்க விடாதது, சாமி கும்பிட விடாதது, கடையில உள்ள விடாதது எல்லாம் குற்றம். ஊரே சேந்து பேச்சுவார்த்தை கிடையாது, பால் கிடையாது, வயக்காட்டுல வேலை கிடையாதுன்னு ஒதுக்கி வைக்கிறதும் குற்றம்தான், சமூகப் புறக்கணிப்பு, பொருளாதாரப் புறக்கணிப்புன்னு சட்டத்துலயே அர்த்தம் எழுதி வச்சிருக்கு. பட்டா நிலத்தை அமுக்கிக்கிட்டு விட மாட்டேங்கிறான்னாலும் இதே சட்டம்தான், ரொம்பப் பேரு அதை வெறும் சிவில் தகராறுன்னு நெனைச்சு விட்டுருதாங்க.

கோவில் கொடை, அதாவது திருவிழா விஷயம் தனியாச் சொல்லணும். ஒரு தரப்புகிட்ட மட்டும் திருவிழா வரி வாங்காம விடுவாங்க, வெளிய இருந்து பாத்தா சலுகை மாதிரி இருக்கும், உள்ள என்னன்னா வரி கொடுத்தாத்தான் கோவில்ல பாத்தியதை. அதை வச்சுத் தேர் வடம் தொடக் கூடாது, உள்ள வரக் கூடாதுன்னு ஆரம்பிப்பாங்க. பொதுக்கோவில்னா வரி இருந்தாலும் இல்லாட்டாலும் நுழையிற உரிமை உண்டு, 1947-லயே ஆலய நுழைவுச் சட்டம் வந்தாச்சு.

சட்டம் கை கொடுக்காத இடமும் இருக்கு

இதைச் சொல்லாம விட்டா ஏமாத்துற மாதிரி ஆயிரும். நம்ம மாவட்டத்துல ஊருக்கு ஊரு கிறிஸ்தவங்க இருக்காங்க, அதுல தலித் கிறிஸ்தவங்க நிறைய. 1950-ல வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதத்துல இருந்தாத்தான் பட்டியல் சாதி. சர்டிபிகேட் பிசின்னு வாங்கியிருந்தா 1989 சட்டத்துல கேஸ் போட முடியாது, எவ்வளவு கேவலமாத் திட்டியிருந்தாலும் சரி. என்னைக் கேட்டா இது பெரிய அநியாயம், சாதி சொல்லித் திட்டுறவன் ஞானஸ்நான சர்டிபிகேட்டைப் பாத்துட்டா திட்டுதான்? ஆனா ஒரு வழி இருக்கு. 1955 சட்டத்துல கோவில், கடை, தண்ணி, கல்லறைத் தோட்டம் பத்தின பிரிவெல்லாம் தீண்டாமையின் பேரால 'எந்த ஒரு நபரையும்' தடுத்தான்னு எழுதியிருக்கு, அதைப் புடிச்சுக்கிடுங்க. கூடவே அடிதடி, மிரட்டல், வழிமறிச்சதுக்கு பழைய ஐபிசிக்குப் பதிலா வந்த நியாய சன்ஹிதாவுல உள்ள பிரிவுகளையும் சேத்துக்கிடலாம்.

வாடகை வீடு இன்னொரு தலைவலி. முஸ்லிம்கள் நிறைய இருக்கிற மேலப்பாளையம் ஆளுன்னு பேரைக் கேட்டதுமே "வீடு முடிஞ்சிருச்சு"ன்னு சொல்லுவாங்க, "நாங்க சைவம்"னு சொல்லுவாங்க. தனியார் வீட்டுக்காரர் மதம் பாத்து வாடகைக்கு விட மாட்டேன்னா நேரடியாத் தண்டிக்க இங்க சட்டமே கிடையாது, 2017-ல வந்த வாடகைச் சட்டத்துலயும் இதைப் பத்தி ஒண்ணும் இல்ல. பட்டியல் சாதிக்காரங்களுக்கு மறுத்தா பொருளாதாரப் புறக்கணிப்புன்னு வாதாடிப் பாக்கலாம், சாதியைச் சொல்லித்தான் மறுத்தாங்கிறதுக்கு மெசேஜோ ஆடியோவோ இல்லாம அதுவும் நிக்கிறது கஷ்டம்.

மதத்தை வச்சு வெறுப்பைப் பரப்பினா, வாட்ஸப் குரூப்ல இன்ன மதத்துக்காரன் கடையில வாங்காதீங்கன்னு போட்டா, நியாய சன்ஹிதா 196, பள்ளிவாசலையோ சர்ச்சையோ சேதப்படுத்தினா 298, வேணும்னே மத உணர்வைப் புண்படுத்தினா 299. 196-க்கும் 299-க்கும் கோர்ட்டு கேஸை எடுக்க அரசாங்கத்தோட அனுமதி வேணும், அதை வச்சு ஸ்டேஷன்ல "அனுமதி வந்தாத்தான் எஃப்ஐஆர்"னு சொன்னா நம்பாதீங்க, எஃப்ஐஆர் போட அனுமதி தேவையில்ல. மாநிலச் சிறுபான்மையினர் ஆணையத்துக்கும் ஒரு காப்பி அனுப்பலாம்.

திருநங்கை, திருநம்பிகளுக்கு 2019-ல வந்த தனிச் சட்டம் இருக்கு. வீட்டை விட்டு விரட்டுறது, பொது இடத்துல விடாதது, அடிக்கிறது இதுக்கெல்லாம் 18-வது பிரிவுல ஆறு மாசத்துல இருந்து ரெண்டு வருஷம்னு போட்டிருக்கு, அடிதடின்னா மத்தப் பிரிவையும் சேத்தே கேளுங்க. தூத்துக்குடியில ஒரு திருநங்கை கல்யாணத்தைப் பதிவு பண்ண மாட்டேன்னு சொன்னதுக்கு 2019-ல மதுரை ஹைகோர்ட்டு கிளை, 'மணமகள்'ங்கிறதுல திருநங்கையும் அடக்கம்னு தீர்ப்பு கொடுத்தது, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல யாராவது இழுத்தடிச்சா அதைச் சொல்லுங்க. மாற்றுத்திறனாளிகளைப் பொது இடத்துல வச்சு அவமானப்படுத்தினா 2016 சட்டத்துல 92-வது பிரிவு.

பள்ளிக்கூடம்

2023 ஆகஸ்டுல நாங்குநேரியில ஒரு பனிரெண்டாம் கிளாஸ் பையனையும் தடுக்க வந்த அவன் தங்கச்சியையும் கூடப் படிச்ச பயலுகளே வீடு புகுந்து வெட்டினது யாருக்கும் மறந்திருக்காது. அதுக்கப்புறம் ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில ஒரு நபர் குழு போட்டு, 2024 ஜூன்ல அறிக்கை கொடுத்தாங்க, கையில சாதிக்கயிறு கட்டக் கூடாதுங்கிறதும் பள்ளிக்கூடப் பேருல சாதி இருக்கக் கூடாதுங்கிறதும் அதுல பரிந்துரையா இருக்கு. கயிறு விஷயத்துல வாத்தியாருங்களே தயங்குதாங்க, ஊருக்குள்ள திரும்பி வரணுமேன்னு.

பெத்தவங்களுக்கு ஒண்ணு சொல்லுதேன். பையன் ஒரு வாரமா வயித்துவலின்னு லீவு போட்டான்னா, பஸ்ஸுல போவ மாட்டேன் சைக்கிள் வாங்கித் தாங்கன்னு அடம் புடிச்சான்னா, என்ன ஏதுன்னு உக்காந்து கேளுங்க. தெரிஞ்சதும் தலைமை ஆசிரியருக்கு வாய்ல சொல்லாம எழுத்துல கொடுத்து, காப்பியில கையெழுத்தும் தேதியும் வாங்கிருங்க. குழந்தைகளுக்கு 1098, கல்வித்துறைக்கு 14417. வாத்தியாரே சாதியைக் கேட்டுத் தனியா உக்கார வச்சா, கக்கூஸ் கழுவச் சொன்னா, இதே வன்கொடுமைச் சட்டம் அவருக்கும் உண்டு.

சம்பவம் நடந்த அன்னைக்கு

இனி வழிமுறை. காயம் இருந்தா முதல்ல ஆஸ்பத்திரி, ஸ்டேஷன் அப்புறம். ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரியோ பக்கத்துல உள்ள ஜிஹெச்சோ, டாக்டர் "எப்படிப்பா காயம்?"னு கேட்டு ஒரு புஸ்தகத்துல எழுதுவாரு, ஏஆர்னு சொல்லுவாங்க. பயந்துக்கிட்டு "கீழ விழுந்துட்டேன்"னு மட்டும் சொல்லிராதீங்க, ஆறு மாசம் கழிச்சு எதிராளி வக்கீல் அந்த ஒரு வரியை வச்சே கேஸை உடைச்சிருவாரு. எத்தனை பேரு, எதை வச்சு அடிச்சாங்க, பேரு தெரிஞ்சா பேரு, அத்தனையும் சொல்லுங்க.

செல்போன்ல வீடியோ, ஆடியோ இருந்தா அந்த ஒரிஜினல் போனை பத்திரமா வைங்க. நாலு குரூப்புக்கு ஃபார்வேர்டு பண்ணிட்டு ஒரிஜினலை அழிச்சிட்டா கோர்ட்ல சங்கடம், ஏன்னா சாட்சிய அதினியம்ங்கிற புதுச் சாட்சியச் சட்டத்தோட 63-வது பிரிவுப்படி அதுக்கு ஒரு சான்று தரணும். பக்கத்துக் கடையில சிசிடிவி இருந்தா மனுவுலயே எழுதிருங்க, கொஞ்ச நாள்ல அது மேல அதுவே பதிவாகி அழிஞ்சிரும்.

மனு எழுதுறது

திட்டுன வார்த்தையை எழுதக் கூசிக்கிட்டு, "சாதியைச் சொல்லி ஆபாசமாகத் திட்டினார்"னு நாகரிகமா முடிச்சிருதாங்க. கூசாதீங்க, அவன் வாயில வந்ததை வந்தபடி எழுதுங்க, சாதிப்பேரு உட்பட. வன்கொடுமைச் சட்டம் 3-வது பிரிவுல 'ஆர்', 'எஸ்'னு ரெண்டு உட்பிரிவு இருக்கு, ஒண்ணு அவமானப்படுத்தணும்னே இழிவு பண்றது, இன்னொண்ணு சாதிப்பேரைச் சொல்லித் திட்டுறது. ரெண்டுக்குமே 'பொதுப் பார்வையில் உள்ள இடம்'ங்கிற நிபந்தனை உண்டு, நம்ம கேஸு பாதி வழுக்குறது இந்த இடத்துலதான். 2025 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டு ஒரு தமிழ்நாட்டுக் கேஸை ரத்தே பண்ணிருச்சு, வருவாய் ஆய்வாளரை அவரு ஆபீஸ் ரூமுக்குள்ள வச்சே ஒருத்தன் சாதி சொல்லித் திட்டியிருக்கான், அந்நேரம் வெளியாளு யாரும் அங்க இல்ல, கூட வேலை பாக்கிறவங்க பிறகுதான் வந்தாங்க, அதனால பொதுப் பார்வை கிடையாதுன்னு சொல்லிட்டாங்க. அதே நேரம் வீட்டு வாசல்ல, கேட்டு கிட்ட நின்னு ரோட்டுல போறவங்களுக்குக் கேக்குற மாதிரி திட்டினா அது பொதுப் பார்வைதான்னு 2008 தீர்ப்பு இருக்கு. அப்ப யாரு நின்னா, எவ்வளவு தூரத்துல நின்னாங்கிறது உங்க மனுவுல இருந்தே ஆகணும்.

கற்பனையா ஒரு டீக்கடைச் சம்பவத்தை வச்சுக் காட்டுதேன், நடுப்பகுதி மட்டும்:

"மேற்படி தேதியில் மாலை சுமார் 6.30 மணிக்கு, பஸ் ஸ்டாப் எதிரில் உள்ள டீக்கடையில் நான் டீ கேட்டேன். கடைக்காரர் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொடுத்தார். மற்றவர்கள் கண்ணாடி டம்ளரில் குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் டம்ளரில் கேட்டதற்கு அவர் '………' என்று என் சாதிப் பெயரைச் சொல்லி, 'உனக்கெல்லாம் டம்ளர் கேக்குதோ' என்று சத்தமாகக் கூறினார். அப்போது கடை பெஞ்சில் இருந்த இன்னாரும், பஸ்ஸுக்காக நின்ற இன்னாரும் இதைக் கேட்டார்கள். கடைக்காரர் எங்கள் ஊரைச் சேர்ந்தவர், என் தகப்பனாரையும் என் சாதியையும் அவருக்கு முன்பே தெரியும்."

அந்தக் கடைசி வரி சும்மா இல்ல. 8-வது பிரிவுப்படி, எதிராளிக்கு உங்களையோ உங்க குடும்பத்தையோ நேரடியாத் தெரியும்னா, சாதியும் தெரியும்னுதான் கோர்ட்டு எடுத்துக்கிடணும், தெரியாதுன்னா அவன்தான் நிரூபிக்கணும். இரட்டை டம்ளர் இப்ப எங்க இருக்குன்னு கேக்கிறவங்களுக்கு: பேப்பர் கப்பு வந்த பிறகு அது வேற வேஷத்துல இருக்கு, அதான் 'மற்றவர்கள் கண்ணாடி டம்ளரில்'னு எழுதியிருக்கேன்.

கோவத்துல இல்லாததைச் சேக்காதீங்க. அங்க இல்லாத சொந்தக்காரரைச் சாட்சியாப் போட்டா குறுக்கு விசாரணையில அவரும் உளறி, இருக்கிற நல்ல சாட்சியும் கெட்டுப்போவும்.

ஸ்டேஷன்ல

எல்லைப் பிரச்சினை பேச விடாதீங்க. எந்த ஸ்டேஷன்ல வேணா எஃப்ஐஆர் போடலாம், ஜீரோ எஃப்ஐஆர்னு போட்டு அவங்களே மாத்தி அனுப்புவாங்க, நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா (பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்தது) 173-வது பிரிவு. உங்களுக்கு எழுத வராட்டா வாயால சொல்லுங்க, அவங்க எழுதி, கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி உங்களுக்கு வாசிச்சுக் காட்டணும், அது வன்கொடுமைச் சட்டம் 4-வது பிரிவுல உள்ள கடமை. வாசிக்கச் சொல்லிக் கேளுங்க, சாதிப்பேரு வந்திருக்கா, சாட்சிப்பேரு வந்திருக்கான்னு காதைக் குடுத்துக் கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுங்க. எஃப்ஐஆர் காப்பி இலவசம்.

வழக்கமா நடக்கிறது என்னன்னா, "அண்ணாச்சி, ரெண்டு பேரும் ஒரே ஊரு, நாளைக்கு முகத்துல முழிக்கணும், பேசி முடிச்சுக்கிடுங்க"ன்னு ஆரம்பிச்சு, கையில ஒரு சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்து அனுப்பிருவாங்க. சிஎஸ்ஆர்ங்கிறது மனு வாங்கினதுக்கு ரசீது, எஃப்ஐஆர் கிடையாது. "முதல்ல விசாரிக்கணும்"னு சொன்னா வன்கொடுமைச் சட்டத்தோட 18-ஏ பிரிவைச் சொல்லுங்க. 2018 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டு முதற்கட்ட விசாரணை வேணும்னு சொன்னதும், நாடு முழுக்கப் போராட்டம் வெடிச்சு, அதே வருஷம் பார்லிமெண்டு 18-ஏ சேத்து அதைத் தேவையில்லன்னு ஆக்கிருச்சு, 2020-ல சுப்ரீம் கோர்ட்டும் அதைச் செல்லும்னு சொல்லிருச்சு. சாதிச் சான்றிதழ் கையில இல்லன்னு திருப்பி அனுப்புறதும் தப்பு, அதைப் பிறகு கொடுக்கலாம்.

எஃப்ஐஆர் போடலைன்னா அடுத்த நாளே அதே மனுவை ஸ்பீட் போஸ்ட்டுல ஒப்புகையோட அனுப்புங்க. மாநகர எல்லைன்னா, அதாவது ஜங்ஷன், டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம், போலீஸ் கமிஷனருக்கு. களக்காடு, வள்ளியூர், அம்பாசமுத்திரம் மாதிரி ஊருன்னா எஸ்பிக்கு. தெரியாம மாத்தி அனுப்பி ஒரு மாசம் அலைஞ்சவங்க உண்டு. காப்பி ஒண்ணு போலீஸ்ல உள்ள சமூக நீதி மற்றும் மனித உரிமைகள் பிரிவுக்கும், ஒண்ணு மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலருக்கும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல கொடுத்து நம்பர் வாங்கிருங்க. 14566-ங்கிற தேசிய உதவி எண்ணுலயும் புகாரைப் பதியலாம். அதுக்கும் அசையலைன்னா கோர்ட்டு மூலமா எஃப்ஐஆர் போட வைக்கலாம், அதுக்கு வக்கீல் ஃபீஸு கொடுக்க வழியில்லன்னு உக்காந்துராதீங்க, 15100-க்கு போன் பண்ணுங்க, பட்டியல் சாதி, பழங்குடி, பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பாக்காமலே சட்ட உதவி மையத்துல இலவச வக்கீல் உண்டு. கடமையைச் செய்யாத அரசு ஊழியருக்கு, அவரு பட்டியல் சாதியோ பழங்குடியோ இல்லாதவரா இருந்தா, ஆறு மாசத்துல இருந்து ஒரு வருஷம் வரை ஜெயிலுன்னு அதே 4-வது பிரிவுல இருக்கு, அதை மிரட்டலா இல்லாம மனுவுல ஒரு வரியா எழுதுங்க, வேலை செய்யும்.

கவுண்டர் கேஸ் வரும், அதுக்குத் தயாரா இருங்க. நீங்க கொடுத்த மறுநாளே அவன் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு உங்க மேல ஒண்ணு கொடுப்பான், ரெண்டையும் வச்சு சமாதானம் பேசத்தான். உங்க மனு முன்னாடி தேதியில இருக்கிறது அப்பத்தான் உதவும்.

சாதி மாறிக் கட்டிக்கிட்டவங்களுக்கு

2025 ஜூலையில பாளையங்கோட்டை கேடிசி நகர்ல ஒரு ஐடி இளைஞரைப் பட்டப்பகல்ல வெட்டிக் கொன்னாங்க. அதுக்கப்புறம்தான் ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் பத்திப் பரிந்துரைக்க நீதிபதி கே.என்.பாஷா தலைமையில கமிஷன் போட்டாங்க. 2018 மார்ச்சுல சுப்ரீம் கோர்ட்டு சொன்னபடி மாவட்டத்துக்கு ஒரு சிறப்புப் பிரிவு இருக்கணும், மிரட்டல் இருந்தா ஜோடிக்குப் பாதுகாப்பும் தங்க இடமும் கொடுக்கணும். மிரட்டல் வந்த அன்னைக்கே எழுத்துல கொடுங்க. ஸ்டேஷன்ல "பெத்தவங்களைக் கூப்பிட்டுப் பேசுவோம்"னா, மேஜர்னு ஆவணத்தைக் காட்டி, தனியாத்தான் வாக்குமூலம் தருவேன்னு சொல்லுங்க. பொண்ணுங்களுக்கு 181.

எஃப்ஐஆருக்குப் பிறகு

டிஎஸ்பி ரேங்குக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்கணும், மாநகரத்துல உதவி கமிஷனர். 60 நாளுக்குள்ள குற்றப்பத்திரிகை. தீருதவித் தொகைக்கு ஆதிதிராவிடர் நலத்துறைதான் ஃபைல் நகத்தணும், வன்கொடுமைச் சட்டத்தோட விதிகள்ல விதி 12-படி 7 நாளுக்குள்ள நிவாரண ஏற்பாடு செய்யணும். 2016 விதிப்படி குற்றத்தைப் பொறுத்து 85,000-த்துல இருந்து 8,25,000 ரூபாய் வரை, தமிழ்நாட்டுல அதுக்கு மேலயும் கூட்டியிருக்காங்க. சாதி சொல்லித் திட்டினதுக்கு அந்த விதியில ஒரு லட்சம், எஃப்ஐஆர் போட்டதும் கால்வாசி, குற்றப்பத்திரிகை போனதும் பாதி, தண்டனை ஆனதும் மிச்சம். பேங்க் பாஸ்புக், ஆதார், சாதிச் சான்றிதழ் ஜெராக்ஸ் ஒரு செட்டு எப்பவும் ரெடியா இருக்கட்டும். காசு வாங்கத்தான் கேஸ் போட்டான்னு டீக்கடையில பேசுவாங்க, பேசட்டும்.

எதிராளி ஜாமீன் கேட்டா உங்களுக்கு நோட்டீஸ் வரணும், உங்க பேச்சையும் கோர்ட்டு கேக்கணும், 15-ஏ பிரிவு. 2021-ல சுப்ரீம் கோர்ட்டு, அப்படிக் கேக்காமக் கொடுத்த ஜாமீனை ரத்து பண்ணியிருக்கு. வெளிய வந்து மிரட்டினா அதே பிரிவுல பாதுகாப்புக் கேளுங்க.

போலீஸ் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்'னு கேஸை மூடினா உங்களுக்கு ஆர்சிஎஸ் நோட்டீஸ் வரும். அதுல கையெழுத்துப் போட்டுட்டு மடிச்சு வச்சிராதீங்க, கோர்ட்ல ஆட்சேபணை மனு போடலாம், உடனே வக்கீலைப் பாருங்க.

விசாரணைக்கு கோர்ட்டுக்குப் போற அன்னைக்கு உங்களுக்கும் சாட்சிக்கும் பஸ் செலவு, சாப்பாட்டுச் செலவு, அன்னைக்குப் போன கூலி எல்லாம் விதி 11-ல உண்டு, உடனேயோ மூணு நாளுக்குள்ளயோ கொடுக்கணும். பொம்பளையாளு, 60 வயசுக்கு மேல உள்ளவங்க துணைக்கு ஒருத்தரையும் கூட்டிட்டுப் போகலாம். சாட்சிங்க பொறண்டு போறதுக்குப் பயம் ஒரு காரணம்னா, வாய்தாவுக்கு வாய்தா ஒரு நாள் கூலி போறது இன்னொரு காரணம். அதனால முதல் வாய்தாவுலயே அரசு வக்கீல்கிட்ட விதி 11-ஐச் சொல்லிப் படிக்கு மனு கொடுத்துருங்க, பஸ் டிக்கெட்டைக் கிழிச்சுப் போடாதீங்க.